வாசகர் கேள்வி – பதில்: செக்கடிக் கணக்கும் சுங்க வரியும்

சென்ற இதழில், நல்லெண்ணெய் விலை ஏன் இறங்குவதே இல்லை என்று கேட்ட ஒரு வாசகருக்கு, "எள்ளின் விலையை விசாரியுங்கள், புரிந்துவிடும்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி போதாது என்பதை, மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்கள் உணர்த்திவிட்டன. எழுதியவர்களில் எண்ணெய் வாங்குகிறவர்களும் உண்டு, எண்ணெய் வித்து விதைக்கிறவர்களும் உண்டு. முன்னவர்கள் விலை இறங்க வேண்டும் என்கிறார்கள். பின்னவர்கள் ஏற வேண்டும் என்கிறார்கள். இரு தரப்பும் நியாயத்தையே கேட்பதால், இம்முறை பகுதி முழுவதையும் எண்ணெய்க்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு மரச்செக்குக் கடையில் கடலை எண்ணெய் லிட்டர் 260 ரூபாய். நான்கு கடை தள்ளி இன்னொருவர் "சுத்தமான கடலை எண்ணெய்" என்று 180 ரூபாய்க்கு விற்கிறார். செக்குக்காரர் கொள்ளை அடிக்கிறாரா, மற்றவர் ஏமாற்றுகிறாரா?
– செல்லூர் வாசகி, மதுரை

பதில்: யாரையும் குற்றம் சொல்வதற்கு முன்னால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம், அம்மா. எங்கள் வீட்டருகே உள்ள செக்கில் நானே நின்று பார்த்திருக்கிறேன். இருபது கிலோ நிலக்கடலைப் பருப்பைக் கொட்டி உலக்கையைச் சுற்றவிட்டால், முதலில் வெகுநேரம் ஈர மாவு போலத்தான் தெரியும். செக்கு ஓட்டுபவர் இடையிடையே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஏறும் மாவைக் கம்பியால் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார். பிறகு விளிம்பில் எண்ணெய் கசியத் தொடங்கும். கடைசியில் பாத்திரத்தில் சேர்வது எட்டு கிலோவுக்குச் சற்று மேல்தான். அதையும் வெயிலில் வைத்து மண்டி இறங்கிய பிறகே விற்க முடியும்.

இப்போது விலைக்கு வருவோம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு நிலக்கடலைக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அது தோலோடு உள்ள காயின் விலை. நூறு கிலோ காயை உடைத்தால் எழுபது கிலோ பருப்பு கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எழுபது கிலோவைச் செக்கில் ஆட்டினால், நூற்றுக்கு 42 என்ற கணக்கில், ஏறக்குறைய 29 கிலோ எண்ணெய் வரும். நாற்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் புண்ணாக்கு நிற்கும். காய் உடைக்கும் கூலி, சாக்கு, வண்டி வாடகை எல்லாவற்றுக்கும் 500 ரூபாய், ஆட்டுக்கூலி 700 ரூபாய் என்று நான் குத்துமதிப்பாகப் போடுகிறேன். புண்ணாக்கு கிலோ நாற்பது ரூபாய்க்கு விலைபோனால் சுமார் 1,560 ரூபாய் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் எண்ணெய் கிலோவுக்கு 235 ரூபாய் அடக்கம் ஆகிறது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம் என்பதால் லிட்டருக்கு 214 ரூபாய். கடை வாடகை, மின்சாரம், பாட்டில், சிந்திச் சிதறியது, கடைக்காரரின் பிழைப்பு ஆகியவை இன்னும் இதில் சேரவில்லை.

ஆகவே, விவசாயிக்கு அரசு சொன்ன விலை கிடைத்திருந்தால், 260 ரூபாய் என்பது கொள்ளை இல்லை. 180 ரூபாய்க்கு விற்பவர் ஏமாற்றுகிறார் என்று அதனாலேயே சொல்லிவிடவும் முடியாது. பெரிய ஆலையில் அழுத்திப் பிழிந்த பிறகு மிஞ்சிய புண்ணாக்கிலிருந்தும் ஹெக்சேன் என்னும் கரைப்பானைக் கொண்டு எண்ணெயை எடுத்துவிடுகிறார்கள். அதே எழுபது கிலோவில் அவர்களுக்கு நான்கைந்து கிலோ எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும். உடைந்த, சூம்பிய பருப்பை மலிவாக வாங்கி ஆட்டியிருக்கலாம். விவசாயிக்கு ஆதரவு விலையைவிட மிகக் குறைவாகக் கொடுத்திருக்கலாம். அல்லது வேறு எண்ணெய் கலந்திருக்கலாம். கலப்பதைச் சட்டம் முழுவதுமாகத் தடுக்கவில்லை. இரண்டு சமையல் எண்ணெய்களைக் கலந்து விற்கலாம்; ஆனால் ஒவ்வொன்றும் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும், அக்மார்க் முத்திரை வேண்டும், மூடி முத்திரையிட்ட பொதியில் விற்க வேண்டும், கலப்பு எண்ணெய் என்பதை வெளியே அச்சிட வேண்டும். முன்பக்கத்தில் கடலைப் படம் பெரிதாக இருக்கும். பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். அச்சிட்ட சீட்டே இல்லாமல் கேனிலிருந்து ஊற்றித் தருகிறார் என்றால் அங்கே வாங்காதீர்கள்.

கேள்வி: மானாவாரியில் ஆடிப்பட்டத்தில் கடலை விதைத்து, ஐப்பசியில் பிடுங்கி, ஆள் வைத்துக் காய் ஆய்ந்து, களத்தில் காயப்போட்டுக் கொண்டுபோனால் அன்றைக்கென்று விலை இல்லை என்கிறார்கள். தைக்கு அப்புறம் பார்த்தால் ஏறியிருக்கிறது. இது எங்கள் தலையெழுத்தா?
– உசிலம்பட்டி பக்கம் ஒரு விவசாயி

பதில்: தலையெழுத்து அல்ல, ஐயா, நாட்காட்டி. நீங்கள் கடலை பிடுங்கும் அதே அக்டோபர், நவம்பரில்தான் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலும் பிடுங்குகிறார்கள். நாட்டிலேயே அதிகமாக நிலக்கடலை விளைவது குஜராத்தில்தான். அங்கிருந்து வரத்து குவியும்போது, உசிலம்பட்டி வியாபாரி உங்கள் மூட்டையைப் பார்த்து மட்டும் விலை சொல்வதில்லை. ராஜ்கோட்டில் காலையில் என்ன விலை என்று கைப்பேசியில் பார்த்துவிட்டுச் சொல்கிறார். பிறகு ஒரு கை காயை அள்ளி உடைத்து, பருப்பில்லாத பொக்கு எத்தனை, சூம்பல் எத்தனை என்று எண்ணி இன்னும் கொஞ்சம் குறைக்கிறார். கடைசி மழை தவறிய ஆண்டில் நூற்றுக்கு எழுபது விழ வேண்டிய பருப்பு அறுபதுதான் விழும் என்பதும், அந்த இழப்பு முழுவதும் உங்கள் தலையில்தான் விடியும் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆதரவு விலை இருக்கிறதே என்று கேட்பீர்கள். நெல்லுக்கு இருப்பது போல ஊர்தோறும் கொள்முதல் நிலையம் எண்ணெய் வித்துக்கு இல்லை என்பதுதான் உண்மை. விலை விழும்போது, தேசியக் கூட்டுறவு விற்பனை அமைப்பான நாஃபெட் போன்றவை மூலம் வாங்குவதற்குத் திட்டம் உண்டு. ஆனால் அறிவிப்பு, பதிவு, ஈரப்பதச் சோதனை எல்லாம் முடிந்து தராசு வருவதற்குள், உரக்கடைப் பாக்கிக்காகப் பாதிக் காய் கைமாறியிருக்கும். உங்களால் உடனே செய்ய முடிந்தது ஒன்றுண்டு. பிடுங்கிய உடனே விற்பதற்குப் பதிலாக, காயை நன்றாகக் காயவைத்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிடங்கில் இருப்பு வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கிப் பாக்கியை அடைத்துவிட்டு, விலை ஏறும்வரை காத்திருக்கலாம். தனியாகச் செய்வதைவிட ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே வண்டியில் கொண்டுபோவது செலவைக் குறைக்கும்.

கேள்வி: மலேசியாவில் பாமாயில் விலை இறங்கினால் விருதுநகரில் கடலை எண்ணெய் விலை ஏன் இறங்குகிறது? இரண்டும் வேறு வேறு எண்ணெய் அல்லவா? நம் நாடு எப்போதுமே எண்ணெயை இறக்குமதி செய்துகொண்டுதான் இருந்ததா?
– வணிகவியல் மாணவி, திருமங்கலம்

பதில்: நாளிதழில் வரும் விருதுநகர் சந்தை நிலவரத்தைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கடலை எண்ணெய் 15 கிலோ டின், நல்லெண்ணெய் 15 கிலோ டின், பாமாயில் 15 கிலோ டின் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அந்த வரிகளை மாதக் கணக்கில் படித்தால், அண்ணன் தம்பிகள் கைகோத்து நடப்பது போல அவை ஒன்றையொன்று இழுப்பது தெரியும். வீட்டில் தாளிக்கும் எண்ணெயை நாம் அவ்வளவு எளிதில் மாற்றமாட்டோம். ஆனால் மிக்சர் போடுபவர், பிஸ்கட் ஆலை, பரோட்டாக் கடை, விடுதிச் சமையல்கூடம் ஆகியோர் டின்னுக்கு நூறு ரூபாய் குறைந்தால் மாறிவிடுவார்கள். அவர்கள் பாமாயிலுக்குப் போனதும் கடலை எண்ணெயைக் கேட்க வீடுகள் மட்டுமே மிஞ்சுகின்றன. கேட்பவர் குறைந்தால் விலை இறங்கத்தானே செய்யும்?

உலகில் விளையும் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிறது. அங்கே ஒரு முடிவு எடுத்தால் இங்கே அடுப்படி வரைக்கும் தெரியும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபோது சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது. அதை நம்பியிருந்த தென்மாநிலங்கள் மாற்று தேடின. அந்த நேரம் பார்த்து இந்தோனேசியா ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்திவைத்தது. நாலு வாரத் தடைதான். ஆனால் நம் ஊர் மளிகைக்கடைகளில் எண்ணெய் விலை பற்றிப் பேசாத ஆள் இல்லை.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்பதுதான் உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி. இல்லை. 1986இல் எண்ணெய் வித்துகளுக்காக மத்திய அரசு ஒரு தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல விதை, விலை உறுதி, இறக்குமதிக்குக் கட்டுப்பாடு ஆகியவற்றை ஒரே கையில் பிடித்து நடத்தினார்கள். தேசியப் பால்வள வாரியம், பாலில் செய்தது போலவே எண்ணெயிலும் சந்தைக்குள் இறங்கி விலையைச் சமன்படுத்த முயன்றது. 1985-86இல் சுமார் 110 லட்சம் டன்னாக இருந்த எண்ணெய் வித்து விளைச்சல், பதினோரு ஆண்டில் 240 லட்சம் டன்னைத் தாண்டியது. மஞ்சள் புரட்சி என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்பீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் ஏறக்குறைய முழுத் தன்னிறைவு கண்டிருந்தோம்.

பிறகு 1994இல் பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அப்போது 65 சதவீதமாக இருந்த சுங்க வரி, நாலே ஆண்டில், 1998க்குள், 15 சதவீதமாக இறங்கியது. உலக வர்த்தக அமைப்பின் கட்டாயம் என்று இதைச் சொல்வோர் உண்டு. ஆனால் அந்த அமைப்பிடம் நாம் ஒப்புக்கொண்ட உச்சவரம்பு பாமாயிலுக்கு 300 சதவீதம். சோயா எண்ணெய்க்கு மட்டும்தான் 45 சதவீதம் என்ற தாழ்ந்த வரம்பு. வரியை அந்த அளவுக்கு இறக்கியது நம் சொந்த முடிவு. தொண்ணூறுகளின் இறுதியில் இறக்குமதி ஆண்டுக்கு 40 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. இன்று அது சுமார் 160 லட்சம் டன். நாட்டின் தேவையில் பாதிக்கும் மேல். இதற்காக ஆண்டுதோறும் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்குப் போகிறது.

வரி ஒன்றே காரணம் என்று எழுதினால் நான் உங்களுக்குத் தவறான பாடம் சொல்லிக்கொடுத்தவன் ஆவேன். வருமானம் கூடியது, பொரித்த பண்டம் பெருகியது, மக்கள்தொகை வளர்ந்தது. பாசன நிலம் கிடைத்தவர்கள், கொள்முதல் உறுதியாக உள்ள நெல்லுக்கும் கோதுமைக்கும் போனார்கள். எண்ணெய் வித்துகளின் பரப்பில் பெரும்பகுதி இன்றும் வானம் பார்த்த பூமிதான். பாமாயில் தரும் மரமான எண்ணெய்ப்பனை ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு மூன்று, நான்கு டன் எண்ணெய் தரும். இரண்டு டன் காய் விளைந்த நிலக்கடலைக் காட்டில் அறுநூறு கிலோ எண்ணெய் கிடைத்தாலே நல்ல மகசூல். இந்த இடைவெளியைத் தாண்டித்தான் நம் விவசாயி போட்டியிட வேண்டியிருக்கிறது.

கேள்வி: மார்கழியில் ரேஷன் பாமாயில் பாக்கெட் கட்டியாக உறைந்துவிடுகிறது. மெழுகு கலந்திருக்கிறார்களா?
– ஜெய்ஹிந்துபுரம் வாசகி

பதில்: இல்லை. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். குளிரில் உறைவது அதன் இயல்பு. தேங்காய் எண்ணெய் உறைவதில்லையா, அது போலத்தான். சற்று நேரம் வெயிலில் வைத்தால் இளகிவிடும். 25 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைக்கும் அந்த ஒரு லிட்டரை அரசு டெண்டர் விட்டுச் சந்தை விலையில் வாங்கி, வித்தியாசத்தைத் தன் கணக்கில் ஏற்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அடுத்த பதிலில் இது தேவைப்படும்.

கேள்வி: எண்ணெய்க்கு இறக்குமதி வரியைக் குறைத்தால் ஏழைகளுக்கு நல்லது என்கிறார்கள். கூட்டினால் விவசாயிக்கு நல்லது என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? மழுப்பாமல் சொல்லுங்கள்.
– சேடபட்டி வாசகர்

பதில்: மழுப்பவில்லை. வரி எவ்வளவு என்பதைவிட, அது எப்போது மாறுகிறது என்பதுதான் நம் பக்கத்து விவசாயியைக் கொல்கிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். 2018இல் கச்சாப் பாமாயிலுக்கு 44 சதவீத வரி இருந்தது. விலைவாசி ஏறியதும் படிப்படியாகக் குறைத்து, 2021 அக்டோபரில் அடிப்படை வரியையே நீக்கிவிட்டார்கள். 2024 செப்டம்பரில், எண்ணெய் வித்து விலை விழுந்து விவசாயிகள் குரல் எழுப்பியபோது, கச்சா எண்ணெய்க்கு 20 சதவீத அடிப்படை வரி போட்டார்கள்; மேல்வரிகள் சேர்த்து 27.5 சதவீதம். 2025 மே மாத இறுதியில் அதைப் பாதியாக்கி 10 சதவீதம் ஆக்கினார்கள்; சேர்த்து 16.5 சதவீதம். தேதியைக் கவனியுங்கள். மே முடிந்தால் அடுத்து வருவது ஆனி, ஆடி. விதைக் கடலையைப் பையில் கட்டி வைத்துக்கொண்டு, போடலாமா, மக்காச்சோளத்துக்குப் போகலாமா என்று விவசாயி யோசிக்கும் வேளை அது. கடலைக்கு விதைச் செலவே பெரிய செலவு. ஏக்கருக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும். அந்தப் பணத்தை மண்ணில் போட்ட பிறகு வரி இன்னொரு முறை மாறாது என்று அவருக்கு யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 மாற்றத்தில் சுத்திகரித்த எண்ணெய்க்கான வரி 35.75 சதவீதத்திலேயே நிற்கிறது. கச்சாவுக்கும் சுத்திகரித்ததற்கும் இடையிலான இந்த அகன்ற இடைவெளி, எண்ணெயை இங்கே கொண்டுவந்து சுத்திகரிக்கும் ஆலைகளுக்கு வேலை தருகிறது. அந்த வேலையும் தேவையானதுதான்; ஆனால் அதை விவசாயிக்கான பாதுகாப்பு என்று கணக்கில் எழுதக் கூடாது. கச்சா எண்ணெயாக வந்தாலும் சுத்திகரித்ததாக வந்தாலும் சேடபட்டிக் கடலைக்கு அது போட்டிதான்.

என் கருத்து இது. வரியை விதைப்புக்கு முன்பே அறிவித்து, அறுவடை முடிந்து விற்றுத் தீரும்வரை அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். அதனால் எண்ணெய் விலை ஏறினால், ஏழை வீட்டைக் காப்பாற்ற வழி ஏற்கெனவே நம் மாநிலத்தில் இருக்கிறது: மேலே ஜெய்ஹிந்துபுரம் வாசகிக்குச் சொன்ன ரேஷன் பாக்கெட். உதவி தேவைப்படும் அட்டைக்கு நேராக உதவி செய்வதை விட்டுவிட்டு, நட்சத்திர விடுதிக்கும் சேர்த்து எண்ணெயை மலிவாக்குவதும், அதற்கான விலையை மானாவாரி விவசாயியிடம் வசூலிப்பதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. முப்பது ஆண்டுகளாக நமக்குக் கிடைத்த மலிவு எண்ணெயில் ஒரு பங்கை அவர்தான் கட்டியிருக்கிறார்.

கேள்வி: எண்ணெய்ப்பனைக்கு மானியம் தருகிறார்களாமே? ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம் இருக்கிறது. போடலாமா?
– பேரையூர் வாசகர்

பதில்: வேண்டாம். 2021இல் 11,040 கோடி ரூபாயில் தொடங்கிய எண்ணெய்ப்பனை இயக்கத்தில் கன்றுக்கும் பராமரிப்புக்கும் உதவி உண்டு என்பது சரியே. ஆனால் காய்ப்புக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு இருநூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் கேட்கும். வெட்டிய குலையை ஓரிரு நாளில் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். பேரையூர்க் கிணறு பங்குனியில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தண்ணீருக்கு எள்ளே போதும். 2025-26க்கு எள்ளின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 9,846 ரூபாய்.

கேள்வி: ஒரே எண்ணெய், ஒரே நிறுவனம், ஒரு பாக்கெட்டில் 1 லிட்டர், இன்னொன்றில் 1 கிலோ. எது லாபம்?
– அண்ணா நகர் வாசகர், மதுரை

பதில்: லிட்டர் விலையை 0.91ஆல் வகுத்தால் கிலோ விலை வரும். லிட்டர் 150 ரூபாய் என்றால் கிலோ சுமார் 165. கிலோ பாக்கெட் அதைவிடக் குறைவாக இருந்தால் அதை எடுங்கள். இப்போது 800, 850 மில்லி என்றெல்லாம் பாக்கெட்டுகள் வருகின்றன. உருவம் லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும். விலையைப் பார்க்கும் முன் அளவைப் பாருங்கள்.

கேள்வி: எண்ணெயைக் குறைத்துச் சாப்பிடுங்கள் என்று பிரதமர் முதல் மருத்துவர் வரை சொல்கிறார்கள். எல்லோரும் குறைத்தால் கடலை, எள் போடுகிறவர்கள் பாடு என்ன ஆகும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சோழவந்தான்

பதில்: கவலையோடு கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கணக்கு வேறு பக்கம் சாய்கிறது. இந்தியாவில் தலைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 19.7 கிலோ எண்ணெய் செலவாகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பது 12 கிலோ அளவில்தான். நாட்டின் மொத்தப் பயன்பாடு சுமார் 280 லட்சம் டன். பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே 28 லட்சம் டன் மிச்சம். 160 லட்சம் டன் வெளியிலிருந்து வருகிற நாட்டில் அந்தக் குறைவு முதலில் கப்பலில்தான் தெரிய வேண்டும், உசிலம்பட்டி மூட்டையில் அல்ல.

வீட்டளவில் பார்ப்போம். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு, ஆளுக்கு 12 கிலோ என்றால் ஆண்டுக்கு 48 கிலோ, மாதம் நான்கு கிலோ. வெளியே சாப்பிடும் பரோட்டா, வடை, கடையில் வாங்கும் முறுக்கு, பிஸ்கட் எல்லாவற்றிலும் உள்ள எண்ணெய் இந்த நான்கு கிலோவுக்குள் அடக்கம். ஆகவே அடுப்படிக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 150 ரூபாய் விலையில் ஐந்து லிட்டர் வாங்கும் வீடு 750 ரூபாய் செலவழிக்கிறது. அதே 750 ரூபாய்க்கு 250 ரூபாய் விலையில் மூன்று லிட்டர் செக்கு எண்ணெய் வாங்கலாம். வீட்டுச் செலவு கூடவில்லை. உடம்புக்குள் போகும் எண்ணெய் குறைகிறது. பணம் உள்ளூர்ச் செக்குக்கும் அதன் வழியாகக் காட்டுக்கும் போகிறது. செக்கு எண்ணெய் என்பதற்காக அதிகமாக ஊற்றலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். எந்த எண்ணெயும் எண்ணெய்தான், கிராமுக்கு ஒன்பது கலோரிதான்.

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" (வாணியன் என்றால் செக்காட்டுபவர்) என்ற பழமொழியை நீங்கள் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள். பேரையூர்ப் பக்கம் எங்கள் பாட்டி எள்ளைக் கழுவிக் காயவைத்துச் செக்குக்கு அனுப்பும்போது, கூடவே ஒரு வட்டுக் கருப்பட்டியும் கொடுத்தனுப்புவார். எண்ணெய் வந்ததும் தூக்குவாளியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே வைப்பார். அந்த வீட்டில் எண்ணெயைக் கரண்டியால் அளந்துதான் ஊற்றினார்கள். விலை உயர்ந்த பொருள் என்ற மரியாதை அதற்கு இருந்தது.

கேள்வி: இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறேன். எண்ணெய் விலை இறங்கிவிட்டது என்கிறார்கள், புண்ணாக்கு விலை மட்டும் இறங்கவில்லையே, ஏன்?
– மேலூர் வாசகி

பதில்: இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது, அம்மா. எண்ணெயும் புண்ணாக்கும் ஒரே வித்தில் பிறக்கின்றன. ஆலைக்காரர் வாங்கிய பருப்பின் விலையை இரண்டையும் விற்றுத்தான் எடுக்க வேண்டும். எண்ணெய் விலை இறங்கினால், விட்டுப்போனதைப் புண்ணாக்கில் எடுக்கப் பார்ப்பார். அதுவும் கட்டுபடியாகாதபோது ஆட்டுவதையே குறைத்துவிடுவார். வரத்துக் குறைந்த புண்ணாக்கு விலை ஏறும்.

இதில் பலரும் கவனிக்காத ஓர் இழப்பும் இருக்கிறது. நாம் இறக்குமதி செய்வது எண்ணெயை, வித்தை அல்ல. அர்ஜென்டினாவிலிருந்து ஒரு கிலோ சோயா எண்ணெய் வருகிறது என்றால், அதோடு பிறந்த நான்கு கிலோவுக்கு மேற்பட்ட புண்ணாக்கு அங்கேயே தங்கிவிட்டது. அது அவர்களுடைய மாட்டுக்கும் கோழிக்கும் போகிறது, அல்லது அவர்களே வேறு நாட்டுக்கு விற்கிறார்கள். இங்கே நூறு கிலோ கடலைப் பருப்பு ஆட்டப்பட்டிருந்தால் மேலூர் மாட்டுக்கு ஐம்பத்தைந்து கிலோ புண்ணாக்கு கிடைத்திருக்கும். எண்ணெய் இறக்குமதி பற்றிப் பேசுகிறவர்கள் மாட்டுத் தொட்டியையும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வாங்கும்போது செக்குப் புண்ணாக்கா, ஆலைப் புண்ணாக்கா என்று கேட்டு வாங்குங்கள். செக்குப் புண்ணாக்கில் பத்தில் ஒரு பங்கு எண்ணெய் இன்னும் நிற்கும். கரைப்பான் முறையில் பிழிந்ததில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் புரதம் இரண்டாவதில் கூடுதல் என்பதால், விலை வித்தியாசத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். கட்டியை உடைக்கும்போது உள்ளே பச்சையாகவோ மஞ்சளாகவோ பூஞ்சை தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு பாலிலும் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூட்டையைத் தரையில் போடாமல், நாலு செங்கல் வைத்துப் பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். பதினைந்து நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்குவது நல்லது.